படைவீரருக்கு ஒரு போர்வை

ஒருவரைச் சிறப்பிக்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். கோயிலில் பரிவட்டம் கட்டுகிறோம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் கதையை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். துணியால் போர்த்துவது மரியாதை என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று.

ஆனால் மேடையில் போர்த்தப்பட்ட பொன்னாடை பிறகு என்ன ஆகிறது? பெரும்பாலும் பெட்டிக்குள் போய்விடுகிறது. குளிருக்கு அது உதவாது, வியர்வையை உறிஞ்சாது. அதில் போர்த்தியவரின் உழைப்பும் இல்லை.

இன்று உலகின் சில நாடுகளில், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு மக்கள் தம் கையாலேயே போர்வை தைத்து, அதைத் தோளில் போர்த்தி நன்றி சொல்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு நுனி நம் கடலூரைத் தொடுகிறது என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். அந்த வரலாற்றையும், அதற்குள் பொதிந்துள்ள எளிய இயற்பியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று அடுக்குகள்

ஆங்கிலத்தில் 'குவில்ட்' எனப்படும் இதை நாம் அடுக்குப் போர்வை என்று சொல்லலாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையில் பஞ்சு. மூன்றையும் சேர்த்து, போர்வை முழுவதும் ஊசித் தையல் ஓடியிருக்கும். மேல் துணியைப் பெரும்பாலும் பல நிறத் துண்டுகளை வெட்டி இணைத்து உருவாக்குவார்கள். இதற்கு ஒட்டுத்துணி வேலை என்று பெயர்.

இது நாம் அறியாத கலை அல்ல. வடநாட்டு ரஜாயும், பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்துக் கவுதியும் இதே இனம். நம் வீட்டுப் பாட்டிமார் பழைய நூல்சேலையை நாலாக மடித்து, ஓரமும் நடுவும் தைத்து, குழந்தைக்கு விரிப்பாகப் போடுவதில்லையா? சிதம்பரம் தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்கள், தேரைச் சுற்றித் தொங்கும் தேர்ச்சீலைகளையும் தொம்பைகளையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிறத் துணிகளை வடிவமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த வேலைதான் அது.

காற்றைச் சிறைப்பிடித்தல்

போர்வை எப்படிக் கதகதப்பைத் தருகிறது? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால், "பஞ்சு சூடானது" என்று சில மாணவர்கள் விடை சொல்வதுண்டு. பஞ்சுக்கென்று தனியாகச் சூடு கிடையாது. வெப்பத்தைத் தருவது நம் உடல். ஓய்வாகப் படுத்திருக்கும் மனித உடல் 80 முதல் 100 வாட் அளவில் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதைப் போல. போர்வையின் வேலை அந்த வெப்பத்தை விரைவில் வெளியேறவிடாமல் தடுப்பது மட்டுமே.

தடுப்பது பஞ்சும் அன்று. பஞ்சு இழைகளுக்கிடையே சிக்கிக்கொண்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆனால் காற்று சும்மா இருக்காதே! சூடானால் மேலே எழும், குளிர்ந்தது கீழே வரும். இந்த வெப்பச் சலனத்தைப் பஞ்சு இழைகள் தடுத்துவிடுகின்றன. நம் ஊர் இலவம் பஞ்சின் இழை உள்ளே குழல் போல வெற்றிடம் கொண்டது; இழைக்குள்ளும் காற்று, இழைகளுக்கிடையேயும் காற்று. மெத்தைக்கும் தலையணைக்கும் அது உகந்ததாக இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பஞ்சடைத்த போர்வையின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.04 வாட்/மீட்டர் கெல்வின். உடலின் பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். தோலின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ், வெளியே 3 டிகிரி என்று கொள்வோம்; வேறுபாடு 30 டிகிரி. போர்வையின் தடிமன் 2 செ.மீ. என்றால், இழக்கப்படும் வெப்பம் 0.04 × 1.7 × 30 ÷ 0.02, அதாவது சுமார் 102 வாட். உடல் உண்டாக்கும் அளவும் ஏறத்தாழ இதுவே. தடிமனை அரை சென்டிமீட்டராகக் குறைத்தால் இழப்பு 408 வாட் ஆகிவிடும். போர்வைக்கு வெளியே ஒட்டி நிற்கும் காற்றுப் படலமும் ஓரளவு உதவும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் இரண்டு விரல் தடிமனுக்கும் அரை விரல் தடிமனுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குப் புரிந்திருக்கும். பனிமலையில் நிற்கும் ஒரு வீரனுக்கு அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகிவிடலாம்.

தையலின் பங்கு என்ன? தையல் இல்லாவிட்டால் பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும். தையல் மிக நெருக்கமானால் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். இரண்டுக்கும் இடையே அளவறிந்து தைப்பதே கைத்திறன். இந்த அளவைச் சூத்திரம் தெரியாமலேயே பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தார்கள்.

கடலூரில் துணியும் படையும்

இனி வரலாற்றுக்கு வருவோம். கடலூருக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில், கெடில ஆற்றங்கரையில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இதனைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் எல்லை வரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். எறிபொருளின் வீச்சைக் கொண்டு நில எல்லை வகுத்த விந்தை இது!

கம்பெனியார் இங்கு வந்தது துணிக்காக. கடலூர், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து வெள்ளைத் துணியும் நீலம் தோய்த்த துணியும் கப்பலேறின. சோழமண்டலக் கரை நெடுகிலும் பூவேலை எழுதிய சீட்டித்துணி செய்யப்பட்டது. சாயம் போகாத அந்தச் சீட்டி இங்கிலாந்து மக்களைப் பித்துக்கொள்ளச் செய்தது. அந்நாட்டு நெசவாளர்கள் தம் பிழைப்புப் போய்விடும் என்று கொதித்தெழுந்தனர். 1700இலும் 1721இலும் நம் வண்ணத் துணிகளுக்கு எதிராக அங்கே சட்டங்கள் இயற்றப்பட்டன. எளிதில் கிடைக்காத பொருளுக்கு மதிப்பு ஏறும் அல்லவா? சீட்டியின் சிறு துண்டும் வீணாக்கப்படாமல் வெட்டி இணைக்கப்பட்டது. இங்கிலாந்தில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று, லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் உள்ளது. சுமார் 1708இல் செய்யப்பட்டதாகக் கருதப்படும் அது, இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது.

அதே கடலூர்க் கோட்டைக்கு 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காலம் அது. கம்பெனியின் தலைமையிடமே கடலூர்தான். சிதறிக் கிடந்த காவலாட்களை ஒழுங்குபடுத்திப் பயிற்சி தந்து படையாக்கினார் லாரன்ஸ். 'இந்தியப் படையின் தந்தை' என்று அவரை ஆங்கிலேயர் அழைப்பது இதனால்தான். 1758இல் தொடங்குவதாகத் தன் வரலாற்றைக் கூறும் மதராஸ் ரெஜிமென்ட், இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு.

சிதம்பரமும் அந்தப் போர்களுக்குத் தப்பவில்லை. நடராசர் கோயிலின் மதில்களையே படைகள் கோட்டையாக்கிக்கொண்டன. 1781 ஜூனில் அங்கிருந்த ஐதர் அலியின் படையைத் தாக்கிய ஜெனரல் அயர் கூட், இழப்புகளோடு பின்வாங்கினார். ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நடந்தது. கூட்டின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. தளபதிகளின் பெயர்கள் பாடநூல்களில் உள்ளன. காயம்பட்டு ஊர் திரும்பிய சிப்பாய்களை யார் போர்த்தினார்கள் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை.

ஊசி பிடித்த சிப்பாய்கள்

போருக்கும் போர்வைக்கும் உள்ள தொடர்பு முதலில் வீரர்களின் கைகளிலேயே தெரிகிறது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின் காலத்தில், படுக்கையில் கிடந்த பிரிட்டிஷ் வீரர்கள் சீருடைக் கம்பளித் துணியின் துண்டுகளைச் சிறு சிறு வடிவங்களாக வெட்டிப் போர்வைகள் தைத்தனர். தாமஸ் வாக்கர் என்ற காயமுற்ற வீரர் கட்டிலில் அமர்ந்து வண்ணப் போர்வை தைக்கும் ஓவியம் ஒன்று இலண்டனில் இன்றும் உள்ளது. குடியிலிருந்தும் சூதாட்டத்திலிருந்தும் வீரர்களை விலக்க இந்த வேலை உதவும் என்று மேலதிகாரிகள் நம்பினர்.

இந்தியாவில் தங்கியிருந்த பிரிட்டிஷ் வீரர்களும் இவ்வாறு தைத்தார்கள். பிரான்சிஸ் பிரேலி என்ற சிப்பாய், 1864க்கும் 1877க்கும் இடையே இங்குப் பணியாற்றியபோது தைத்த போர்வை, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரே சீராக ஊசி ஏறி இறங்கும் வேலை கலங்கிய மனத்தை ஒருநிலைப்படுத்துகிறது. பூத்தொடுக்கும் பெண்களைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள்.

வீட்டிலிருந்து போர்க்களத்துக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டபோது, வடமாநிலங்களில் சுகாதார ஆணையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் வேண்டுகோளை ஏற்றுப் பெண்கள் ஊர்தோறும் கூடித் தைத்தனர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 2.5 லட்சம் போர்வைகள் வீரர்களுக்குச் சென்றன என்று மதிப்பிடப்படுகிறது. இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. கந்தலாகும் வரை பயன்பட்டன; இறந்த வீரனோடு புதைக்கப்பட்டவையும் உண்டு. ஒரு பரிசுப்பொருள் அருங்காட்சியகத்தை அடையாமல் தேய்ந்து மறைவதும் அதற்கு ஒரு பெருமைதான்.

இரண்டாம் உலகப் போரில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் மறுபக்கம். கணவர் உயிரோடிருக்கிறாரா என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. கனடா நாட்டவரான எதெல் மல்வானி ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சிறு சதுரத் துணியில் தன்னைப் பற்றி ஏதேனும் ஒன்றைப் பூவேலையாகத் தைத்துப் பெயரையும் பொறிக்க வேண்டும். 66 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள் உருவாயின. காயமுற்ற வீரர்களுக்காக அவை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. துணியில் பெயரைக் கண்டவர்கள், "இவள் உயிரோடிருக்கிறாள்" என்று அறிந்துகொண்டார்கள்.

மூன்றில் ஒன்று யாருக்காகத் தைக்கப்பட்டது தெரியுமா? காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்காக! சிறை வைத்தவர்களின் காயத்துக்கும் ஒரு போர்வை. போர்வைகளை வெளியே அனுப்ப இசைவு பெறுவதற்கான உத்தியும் அதில் இருந்திருக்கலாம். ஆயினும் துன்புறும் உடலுக்குப் பகை நட்பு என்ற பேதமில்லை என்பதை அது இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூன்றில் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

நம் நாட்டில்

இந்தியாவிலும் இதற்கு இணையான நிகழ்ச்சிகள் உண்டு. 1914 செப்டம்பரில் இந்தியப் படைகள் பிரான்சில் இறங்கின. வெப்ப நாட்டுக்குரிய மெல்லிய பருத்திச் சீருடையோடு வந்தவர்கள் அவர்கள், குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு இலண்டனில் இருந்த காந்தியடிகளிடம், சரோஜினி நாயுடு ஒரு குவியல் துணியைக் கொண்டுவந்து வைத்தார். வீரர்களுக்காக அளவெடுத்து வெட்டிய துணிகள் அவை. நண்பர்களைக் கொண்டு முடிந்தவரை தைத்துத் தந்ததைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர்கள் இருவருக்கும் முதல் அறிமுகம் அந்தத் தையல் வேலையால்தான் ஏற்பட்டது.

1962இல் சீனப் போர் மூண்டபோது, வடகிழக்கு மலைகளுக்கு விரைந்த நம் வீரர்கள் பலரிடம் பனிக்கு ஏற்ற உடை இல்லை. பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியுமாகப் பல ஆயிரம் அடி உயரத்தில் நின்றார்கள். செய்தி பரவியதும் நாடு முழுவதும் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கம்பளி நூல் வாங்கிப் பின்னலாடை பின்னினார்கள். மேலே நாம் போட்ட கணக்கை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கம்பளிக்குள் சிக்கியிருந்த காற்று வீட்டில் இருந்தவர்கள் அனுப்பி வைத்த காற்று. ஆனால் அது போர் மூண்ட பிறகு அவசரமாகச் செய்த உதவி. முன்கூட்டியே செய்திருக்க வேண்டியது அரசின் கடமை. மக்களின் அன்பு அந்தக் கடமைக்கு மாற்று ஆகாது.

ஒரு தாயின் எண்ணம்

போர்வையை அவசர உதவி என்ற நிலையிலிருந்து நன்றியின் சின்னமாக உயர்த்தியவர் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த கேத்தரின் ராபர்ட்ஸ். 2003இல் அவருடைய மகன் ஈராக்கில் பணியாற்றினார். நள்ளிரவில் உறக்கமின்றிக் கட்டில் ஓரத்தில் குனிந்து அமர்ந்திருக்கும் ஓர் இளைஞனின் தோற்றம் அவர் மனத்தில் எழுந்ததாம். அடுத்து, அதே இளைஞன் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு அமைதியாக இருக்கும் தோற்றம். இதிலிருந்து பிறந்ததே 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்', அதாவது வீரத்துக்குரிய போர்வைகள் என்ற இயக்கம். அந்த ஆண்டே வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், காலை இழந்த ஓர் இளம் வீரருக்கு முதல் போர்வை அளிக்கப்பட்டது. இதுவரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் அளிக்கப்பட்டுள்ளன. கனடாவிலும் இதே போன்ற இயக்கம் நடைபெறுகிறது.

இதற்குச் சில விதிகள் உண்டு. அடுக்குகளை முடிச்சுப் போட்டு இணைத்தால் போதாது. முழுவதும் தைக்க வேண்டும். தைத்தவரின் பெயர் பொறித்த துண்டு பின்புறம் இருக்க வேண்டும். பெற்றுக்கொள்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், தோளைச் சுற்றிப் போர்த்த வேண்டும். போரிலிருந்து திரும்பியவர்களில் பலருக்கு இரவு கொடியது. உறக்கத்தில் திடுக்கிட்டு எழுவார்கள், வீட்டாரிடமும் பேசமாட்டார்கள். போர்வை இதற்கு மருந்து ஆகிவிடாது. மருத்துவரின் உதவி தேவைதான். ஆனால், யாரோ ஒருவர் தனக்காகப் பல நாள் உட்கார்ந்து தைத்தார் என்ற எண்ணம் தனிமையைச் சற்றே தளர்த்துகிறது.

இறந்தவருக்கு நடுகல், இருப்பவருக்கு?

நம் முன்னோர் போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டார்கள்; அதற்குரிய சடங்குகளைத் தொல்காப்பியமே வரிசைப்படுத்துகிறது. இறந்தவரை நாம் மறக்கவில்லை. உயிரோடு திரும்பியவரை? வங்கி வாயிலில் காவலுக்கு நிற்கும் பெரியவர் எந்த எல்லையில் நின்றவர் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கடலூர், சிதம்பரம் வட்டாரச் சிற்றூர்களில் இப்படிப் பலர் வாழ்கிறார்கள். 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொடி நாள். சட்டையில் சிறு கொடி குத்தி நிதி தருகிறோம். 2016 முதல் ஜனவரி 14ஆம் நாள் முன்னாள் படைவீரர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பீல்டு மார்ஷல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. பொங்கலை ஒட்டி வருவதால் நமக்கு மறக்கவும் முடியாது.

"கடலூர் வெயிலில் பஞ்சுப் போர்வை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மறுபடியும் கணக்குப் போடுங்கள். மார்கழி இரவில் இங்கு 21 டிகிரி என்று கொண்டால், தோலோடு ஒப்பிட வேறுபாடு 12 டிகிரிதான். 2 செ.மீ. தடிமன் தேவைப்பட்ட இடத்தில் 8 மி.மீ. போதும். பஞ்சே வேண்டாம், பழைய கைத்தறித் துணிகளைச் சில அடுக்குகளாகத் தளர்வாகத் தைத்தாலே ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். பருத்தி வியர்வையையும் உறிஞ்சும். குறிஞ்சிப்பாடிக் கைத்தறித் துணியும், தையற்கடைகளில் வீணாகும் வெட்டுத்துண்டுகளும் இதற்கு ஏற்றவை.

தைக்கத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் தம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை ஒரே சுற்றுத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டாவதற்கு அதே துணியை நான்கு சுற்றாகத் தளர்வாகச் சுற்றுங்கள். மூன்றாவதற்கு நான்கு சுற்றுத் துணியை நனைத்துப் பிழிந்து சுற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். தளர்வான அடுக்குகள் ஏன் வெல்கின்றன, ஈரம் ஏன் அவ்வளவு விரைவில் தோற்கிறது என்பதை வரைகோடுகளே உங்களுக்குச் சொல்லும். நீர், அசையாத காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆவியாகும்போதும் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நனைந்த உடையோடு மலையில் நின்ற வீரனின் நிலை அப்போது விளங்கும்.

பிறகு, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், ஆளுக்குச் சில சதுரங்கள் தைத்து ஒரு போர்வையை முடித்துவிடலாம். தைத்தவர் பெயர்களைப் பின்புறம் பொறியுங்கள். யாருக்கு என்று அறிய மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைக் கேளுங்கள். அல்லது உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள். அடுத்த பொங்கலன்று அவர் வீட்டுக்குப் போய், திண்ணையில் அமர்ந்து, அவர் எங்கே பணியாற்றினார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு போர்த்துங்கள்.